அரசாங்கம் செய்யக்கூடாதது என்ன?

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

போன கிழமை தரம் 10 இல் குடியுரிமைக் கல்விப் பாடம். கரும்பலகையில் வழமைபோல ஒரு பக்கம் பிரசையின் உரிமைகள், மறுபக்கம் பிரசையின் கடமைகள் என்று எழுதிப் போட்டோம். சட்டத்தை மதித்தல், வரி செலுத்துதல், பொதுச் சொத்தைப் பாதுகாத்தல் என்று கடமைப் பக்கம் கீழே வரைக்கும் போய்விட்டது. பின் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை கையை உயர்த்திக் கேட்டது:

"ரீச்சர், நாங்கள் செய்யக்கூடாதது எல்லாம் எழுதிப் போட்டீங்கள். அரசாங்கம் செய்யக்கூடாதது எது எண்டு ஒரு நிரல் இல்லையா?"

மணி அடித்துவிட்டது. "நாளைக்குச் சொல்றம்" என்று சமாளித்து வந்துவிட்டோம். படகில் குறிகட்டுவானுக்கு வரும்போதும், பிறகு பஸ்ஸில் பண்ணைப் பாலம் தாண்டும்போதும் அந்தக் கேள்வி கூடவே வந்தது. கல்வியியற் கல்லூரியில் படித்தபோது எங்களுக்கு யாரும் அந்த நிரலைப் படிப்பிக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

உலகத்தில் அந்த நிரலை முதலில் வைத்து எழுதிய நாடுகளில் ஒன்று அமெரிக்கா. 1791 இல் அவர்களின் அரசியலமைப்பில் சேர்ந்த முதல் பத்துத் திருத்தங்களை எடுத்துப் பாருங்கள். முதலாவது திருத்தம் "மக்களுக்குப் பேச்சுச் சுதந்திரம் வழங்கப்படுகிறது" என்ற தோரணையில் எழுதப்படவில்லை. மதத்தில், பேச்சில், பத்திரிகையில், கூட்டம் கூடுவதில் கைவைக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றவே கூடாது என்ற கருத்தில் எழுதப்பட்டிருக்கிறது. உரிமை மக்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, அரசாங்கத்துக்குத்தான் வேலி என்பது அதன் அடிப்படை. 1803 இல் அவர்களின் உச்ச நீதிமன்றம் இன்னொன்றையும் சேர்த்தது: அரசியலமைப்புக்கு முரணான சட்டம் செல்லாது, அப்படிச் சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இருக்கிறது.

இதை எழுதும்போதே உங்களில் பலர் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். "அமெரிக்காவா எங்களுக்குச் சுதந்திரம் படிப்பிக்கப் போகுது?" நியாயமான கேள்வி. அந்த வேலியை எழுதியவர்களில் பலர் அடிமைகளை வைத்திருந்தவர்கள். குவான்தானாமோ சிறை 2002 இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு, 1942 பெப்ரவரியில் ஜனாதிபதி ரூஸ்வெல்ற் ஒரு கட்டளையில் கையெழுத்திட்டார். மேற்குக் கரையோரம் வாழ்ந்த ஏறத்தாழ 120,000 ஜப்பானிய வம்சாவளியினர் வீட்டையும் கடையையும் விட்டு முகாம்களுக்கு ஏற்றப்பட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கப் பிரசைகள். 1944 இல் உச்ச நீதிமன்றமும் அதைச் சரி என்றது. வேலி இருந்தும் உடைந்தது.

ஆனால் அதோடு கதை முடியவில்லை. 1988 இல் ஜனாதிபதி ரீகன் கையெழுத்திட்ட சட்டம் ஒன்று அந்த மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் நட்டஈடும் கொடுத்தது. 46 வருடம் பிந்தித்தான். என்றாலும், "நீங்கள் எழுதிய வேலியை நீங்களே உடைத்தீர்கள்" என்று காட்டுவதற்கு அந்த மக்களின் கையில் ஓர் எழுத்து இருந்தது.

வடக்கு முஸ்லிம்கள் இந்தக் கதையை வேறு மாதிரி வாசிப்போம். 1990 ஒக்ரோபர் 30. யாழ்ப்பாணத்தில் ஒலிபெருக்கியில் அறிவித்து எங்கள் ஆட்களை ஜின்னா மைதானத்துக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் சொன்னார்கள். உடுத்த உடுப்போடும் சொற்பக் காசோடும் சனம் நடந்தது. வடக்கு முழுவதும் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் அந்தக் கிழமைகளில் வேரோடு பிடுங்கப்பட்டார்கள். எங்கள் தலைமுறை புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் எழுத்துப் படித்தது. எங்கட உம்மா இன்றைக்கும் வீட்டுத் திறப்பைப் பற்றிக் கதைப்பா. பூட்டிவிட்டுத்தான் வந்தவ. ரெண்டு நாளில் திரும்பி வரலாம் என்ற நினைப்பு.

அன்றைக்கு எங்களை வெளியேற்றியது ஓர் அரசாங்கம் அல்ல. ஆனால் அந்த நேரத்தில் அந்த மண்ணில் வரி எடுத்ததும், தண்டனை கொடுத்ததும், யார் இருக்கலாம் யார் போகவேண்டும் என்று தீர்மானித்ததும் அவர்கள்தான். அவர்களுக்கு மேலே ஒரு நீதிமன்றம் இல்லை. அவர்கள் செய்யக்கூடாதது எது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. தனி ஒரு மனிதன் குற்றம் செய்தானா என்று யாரும் கேட்கவில்லை. முஸ்லிமா என்று மட்டும் பார்த்தார்கள். 2002 ஏப்ரலில் கிளிநொச்சிப் பத்திரிகையாளர் மாநாட்டில் அது ஓர் அரசியல் தவறு என்ற அளவில் சொல்லப்பட்டது. அதற்குப் பிறகும் ஊர் திரும்புவது எங்கள் தலையில்தான் விழுந்தது.

இதைச் சொல்லும்போது எங்கள் தமிழ்ச் சகோதரர்களுக்கு ஒரு வலி இருக்கும் என்பது தெரியும். நாங்கள் ஏறி இறங்கும் இதே கடல்தான் அவர்களின் வலிக்கும் சாட்சி. 1985 மே 15 இல் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் 20க்கும் மேற்பட்ட பயணிகள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். உயிர் தப்பியவர்கள் கடற்படையினரையே கைகாட்டினார்கள். ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. வருடா வருடம் மே மாதம் நெடுந்தீவில் விளக்கேற்றுகிறார்கள். அதே படகு பிறகும் பல வருடம் சனத்தை ஏற்றி இறக்கியது. சட்டப் புத்தகம் முழுக்க இருந்த அரசாங்கத்தின் கீழ் அது நடந்தது. ஒரு புத்தகமும் இல்லாத இயக்கத்தின் கீழ் எங்களது நடந்தது. எது கூடியது, எது குறைந்தது என்று தராசு பிடிக்க நாங்கள் வரவில்லை. அதிகாரம் வைத்திருந்தவரைத் தட்டிக் கேட்க ஆளில்லாமல் போனதுதான் இரண்டுக்கும் பொது.

இப்போது எங்கள் அரசியலமைப்புக்கு வருவோம். 1978 அரசியலமைப்பின் மூன்றாம் அத்தியாயம் அடிப்படை உரிமைகளைச் சொல்கிறது. 10ஆவது உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரம். 14 பேச்சு, கூட்டம், மதத்தை வெளிப்படையாக அனுட்டித்தல். வாசிக்க வடிவாக இருக்கும். ஆனால் இன்னும் மூன்று இடங்களைச் சேர்த்து வாசிக்க வேண்டும்.

முதலாவது, 16ஆவது உறுப்புரை. அரசியலமைப்பு வருவதற்கு முன்பிருந்த சட்டம் எதுவும் அடிப்படை உரிமைக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது.

இரண்டாவது, 80(3). நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றி சபாநாயகர் சான்றுப்படுத்திவிட்டால், பிறகு எந்த நீதிமன்றமும் அது செல்லுமா என்று கேட்க முடியாது. சட்டமூலமாக இருக்கும் சில நாட்களுக்குள் கொழும்பு உயர் நீதிமன்றத்துக்கு ஓடினால்தான் உண்டு. அமெரிக்காவில் 1803 இல் திறந்த கதவு எங்களுக்கு இன்றும் பூட்டுத்தான்.

மூன்றாவது, 126. உங்கள் உரிமையை அரசாங்கம் மீறினால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். நயினாதீவில் ஒரு கடற்றொழிலாளியை நினைத்துப் பாருங்கள். படகு, பஸ், கொழும்புப் பயணம், சட்டத்தரணிக்குக் காசு, அதற்கு மேல் மொழி. எல்லாம் ஒரு மாதத்துக்குள். (ஒரு தகவலுக்காக: யாழ்ப்பாணத்தில் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. அந்த ஒரு மாதத்துக்குள் அங்கே முறைப்பாடு கொடுத்தால், ஆணைக்குழுவின் விசாரணை நடக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது. நாலு பேருக்குச் சொல்லி வையுங்கள்.)

இந்த ஓட்டைகள் காகிதத்தில் மட்டும் இருந்தால் பரவாயில்லை. எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்தன.

2020 ஏப்ரல் 11 இல் ஒரு வர்த்தமானி. கொரோனாவில் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியிருந்தது. உலகம் முழுக்க அடக்கம் செய்துகொண்டிருந்தார்கள். இங்கே ஒரு கையெழுத்து, எல்லா மையித்தும் நெருப்புக்கு. குளிப்பாட்டவில்லை, கபன் இடவில்லை, தொழுகை இல்லை. உயர் நீதிமன்றத்துக்குப் போன மனுக்களை விசாரணைக்கே எடுக்காமல் 2020 டிசம்பர் 1 ஆம் திகதி பெரும்பான்மைத் தீர்ப்பில் தள்ளுபடி செய்தார்கள். அதே மாதம் பிறந்து 20 நாளான ஒரு குழந்தையை, பெற்றோர் மறுத்தும் எரித்தார்கள். பொரளை மயானத்து வேலியில் சனம் வெள்ளைத் துணி கட்டியது நினைவிருக்கும். முஸ்லிம்கள் மட்டுமல்ல, கிறிஸ்தவர்களும் சிங்களவர்களும் வந்து கட்டினார்கள்.

2021 பெப்ரவரி 25 இல் அடக்கத்துக்கு அனுமதி வந்தது. எங்கே? முதலில் இரணைதீவில் என்றார்கள். இரணைதீவுச் சனம் 1992 இல் இடம்பெயர்ந்து, கடற்படை இருந்த தங்கள் தீவுக்கு 2018 ஏப்ரலில் சொந்தப் படகுகளில் தாங்களாகவே போய் இறங்கியவர்கள். யாரிடமும் அனுமதி கேட்டுக் களைத்துப்போன ஏழைக் கடற்றொழிலாளர்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அங்கே குழி வெட்டினார்கள். அவர்கள் போராட, பிறகு ஓட்டமாவடிக்கு மாற்றினார்கள். மையித்துக்கு உரியவரையும் கேட்கவில்லை, நிலத்துக்கு உரியவரையும் கேட்கவில்லை. இரண்டு சிறுபான்மைகள் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றதுதான் மிச்சம். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பு நல்லது. ஆனால் நாளைக்கு இன்னொரு வர்த்தமானி வந்தால் அதைத் தடுக்கும் வேலி எங்கே?

அடுத்தது பயங்கரவாதத் தடைச் சட்டம். 1979 இல் தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவந்தது. 1982 இல் நிரந்தரமாயிற்று. முதலில் தமிழ் இளைஞர்கள், பிறகு தெற்கில் சிங்கள இளைஞர்கள், 2019 க்குப் பிறகு நாங்கள். 2020 மே மாதம் புத்தளம் பக்கம் தமிழ் படிப்பித்த இளம் ஆசிரியர், கவிஞர் அஹ்னாஃப் ஜசீமைப் பிடித்தார்கள். நவரசம் என்ற கவிதைப் புத்தகம் எழுதியதுதான் விடயம். ஒன்றரை வருடத்துக்கும் மேல் உள்ளே. 2021 டிசம்பரில் பிணை. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் விடுதலை செய்தது. போன வருடங்களை எந்த நீதிமன்றமும் திருப்பித் தரவில்லை. எங்களைப் போல சோக்குக்கட்டி பிடித்த கைதான் அது. அந்தச் செய்தி வந்த நாட்களில், நாங்கள் பழைய பதிவுகளைத் தேடித் தேடி அழித்தோம். ஒரு சட்டத்தால் ஒருவரைப் பிடித்தால் ஆயிரம் பேர் தாங்களாகவே வாயைப் பொத்திக்கொள்கிறார்கள்.

"சின்ன நாடு, பாதுகாப்பு முக்கியம், அதிகாரத்தைக் கட்டினால் குண்டு வெடிக்கும்" என்று சொல்பவர்களுக்கு ஒரு பதில். 2019 ஏப்ரல் 21 இல் ஈஸ்ரர் தினத்தில் 260 க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். எங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு செய்தார்கள், அந்த வெட்கம் எங்களுக்கு எப்போதும் உண்டு. ஆனால் அன்றைக்கு அரசாங்கத்துக்கு அதிகாரம் குறைவாகவா இருந்தது? பயங்கரவாதத் தடைச் சட்டம் இருந்தது. முன்கூட்டியே புலனாய்வு எச்சரிக்கை வந்திருந்தது. செய்ய வேண்டியவர்கள் செய்யவில்லை. 2023 ஜனவரி 12 இல் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது. அதிகாரத்தைக் கேள்வி கேட்கக்கூடிய இடம் ஒன்று இருந்ததால்தான் அந்தத் தீர்ப்பு வந்தது. கேள்விக்கு உட்பட்ட அதிகாரம்தான் வேலையும் ஒழுங்காகச் செய்யும்.

இன்னொன்றும் தெளிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் சிலர் எல்லைக்குட்பட்ட அரசாங்கம் என்றால் வரியும் வேண்டாம், பொது ஆஸ்பத்திரியும் வேண்டாம் என்ற அளவுக்குப் போவார்கள். அது தீவுக்குச் சரிவராது. நெடுந்தீவுக்குப் படகு விட அரசாங்கம் வேண்டும். இரவில் பிரசவ வலி வந்தால் கடலைத் தாண்டிக் கொண்டுபோக அரசாங்கம் வேண்டும். இலவசக் கல்வி இல்லாவிட்டால் முகாமில் வளர்ந்த எங்களைப் போன்றவர்கள் ஆசிரியராகவே ஆகியிருக்க மாட்டோம். அரசாங்கம் ஜெற்றியில் நிற்கட்டும், வகுப்பறைக்குக் கூரை போடட்டும். எங்கள் தொழுகைக்குள்ளும், கவிதைக்குள்ளும், கப்றுக்குள்ளும் வர வேண்டாம். அவ்வளவுதான்.

இனி எங்களுக்கே கசக்கும் பகுதி.

2020 ஒக்ரோபர் 22 இல் 20ஆவது திருத்தம் 156 வாக்குகளால் நிறைவேறியது. 19ஆவது திருத்தம் 2015 இல் ஜனாதிபதிக்குப் போட்ட வேலியைப் பிடுங்கிய திருத்தம் அது. எங்கள் மையித்துகள் எரிந்துகொண்டிருந்த அதே மாதங்களில், எதிர்க்கட்சி வரிசையில் இருந்த முஸ்லிம் எம்பிமார் பலர் அதற்குக் கை உயர்த்தினார்கள். ஆளிடம் சலுகை கேட்டுப் பழகியவர்களுக்கு வேலியின் பெறுமதி விளங்காது. அந்த ஆள் நல்லவராக இருக்கும்வரை சலுகை இருக்கும். அடுத்த நாள்?

அடுத்தது வீட்டுக்குள். 1951 இன் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். மணமகளின் கையெழுத்து அதில் கட்டாயமில்லை, வலி கையெழுத்திட்டால் போதும். காதி நீதிபதியாகப் பெண் வர முடியாது. குறைந்தபட்ச வயது என்று ஒன்று வைக்கப்படவில்லை. இரண்டு முஸ்லிம்கள் பொதுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யவும் முடியாது. அதாவது, விரும்பாதவருக்கு வெளியே போகவும் கதவில்லை. 2009 இல் நியமிக்கப்பட்ட சலீம் மர்சூப் குழு 2018 இல்தான் அறிக்கை கொடுத்தது. அதற்குப் பிறகும் இழுபறி. "அரசாங்கம் எங்கள் மார்க்கத்தில் கைவைக்கக் கூடாது" என்கிறோம். சரி. ஆனால் எங்களில் ஒரு பெண் பிள்ளை, "என் சம்மதத்தை என் கையாலேயே எழுத விடுங்கள்" என்று கேட்டால் அவளைச் சமூகத் துரோகி என்கிறோம். எங்கள் சமூகத்துக்கு அரசாங்கத்திடமிருந்து சுதந்திரம் வேண்டும், எங்கள் பெண்களுக்கு எங்களிடமிருந்து வேண்டாம் என்றால் நாங்கள் கேட்பது சுதந்திரமா?

முதலாவது கலீபா அபூபக்கர் (ரலி) பொறுப்பேற்ற அன்றே, தான் சரியாக நடந்தால் உதவுங்கள், பிழைத்தால் திருத்துங்கள் என்ற கருத்தில் பேசியவர். ஆள்பவருக்கு எல்லை உண்டு என்பது எங்களுக்கு வெளியிலிருந்து வந்த சரக்கல்ல. நாங்கள்தான் மிம்பரில் சொல்லிவிட்டு வீட்டில் மறந்துவிடுகிறோம்.

இந்தப் பதிவை எழுதப் போகிறோம் என்றதும் கூடப் படிப்பிக்கும் ஒரு அக்கா சொன்னா: "பிள்ளை, நீங்கள் அரசாங்க உத்தியோகம். உந்த வேலை வேண்டாம்." அவ அன்பில்தான் சொன்னா. 2022 செப்டம்பரில் அரச ஊழியர்கள் சமூக வலைத்தளத்தில் கருத்து எழுதுவது பற்றித் தாபன விதிக்கோவையைக் காட்டிச் சுற்றறிக்கையும் வந்ததுதான். ஆகவே நாங்கள் எந்தக் கட்சிக்கும் வாக்குக் கேட்கவில்லை, எந்த அலுவலக இரகசியத்தையும் எழுதவில்லை. பிள்ளைக்குப் பாடம் சொல்வதுதான் எங்கள் உத்தியோகம். பிள்ளை கேட்ட கேள்விக்கு விடை தேடுவது அதில் அடங்கும் என்று நம்புகிறோம்.

எங்களுக்குப் பட்ட விடை இது. பயங்கரவாதத் தடைச் சட்டம் போக வேண்டும், வேறு பெயரில் அதே சட்டம் திரும்ப வரக்கூடாது. 16ஆவது உறுப்புரையும் 80(3) உம் மாற வேண்டும், நிறைவேறிய சட்டத்தையும் நீதிமன்றம் பார்க்க வேண்டும். ஒரு மாதம் என்ற கெடு நீள வேண்டும், தீவில் இருப்பவரும் எட்டக்கூடிய தூரத்தில் நீதிமன்றம் இருக்க வேண்டும். முஸ்லிம் விவாகச் சட்டத்தில் பெண்ணின் கையெழுத்து வர வேண்டும். 1990 இல் நடந்தது பாடப் புத்தகத்தில் வர வேண்டும், குமுதினியும் வர வேண்டும். இதில் எதுவும் ஓர் இனத்துக்கு மட்டும் நன்மை தருவதில்லை.

அடுத்த நாள் வகுப்பில் கரும்பலகையில் மூன்றாவது நிரல் ஒன்று கீறினோம். தலைப்பு: "அரசாங்கம் செய்யக்கூடாதவை". பிள்ளைகளையே எழுதச் சொன்னோம். "காரணம் சொல்லாமல் பிடிக்கக் கூடாது" என்று ஒன்று. "அடிக்கக் கூடாது" என்று ஒன்று. "எங்கட காணியில எங்களைக் கேட்காமல் இருக்கக் கூடாது" என்று ஒன்று. கேள்வி கேட்ட பிள்ளை கடைசியாக எழும்பி வந்து, "செத்த பிறகும் கேட்காமல் ஒண்டும் செய்யக் கூடாது" என்று எழுதிவிட்டுப் போனது. அது ஒரு தமிழ்ப் பிள்ளை. யாரை நினைத்து எழுதியது என்று நாங்கள் கேட்கவில்லை.

கரும்பலகையை அன்றைக்கு அழிக்க மனம் வரவில்லை. அடுத்த பாட ரீச்சர் வந்து அழித்திருப்பா.

உங்கள் நிரலில் என்ன எழுதுவீர்கள்? கீழே எழுதுங்கள். மாறுபட்ட கருத்தும் எழுதுங்கள், வசை மட்டும் வேண்டாம். பிள்ளைகளும் வாசிக்கிறார்கள்.